முகப்பில் நான் வரைந்த எழுத்துகள்

எழுத்து வரைவதற்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும். கொஞ்சம் பிசுக்கு இருந்தாலும் பெயிண்ட் ஒட்டாது. அதனால்தான் கர்ட் அந்த வேலையை என்னிடம் கொடுத்தார். அவர் என் அக்கா மார்லிஸின் கணவர், லாரி மெக்கானிக். அவர் நகக்கண்ணில் எப்போதும் கிரீஸ் இருக்கும்.

துணி உலர்த்தும் அந்த இயந்திரம் ஐம்பதுகளில் செய்தது. யாரோ இறந்த வீட்டில் சாமான் விற்றபோது கர்ட் வாங்கிவந்து நிலவறையில் வைத்தார். மோட்டார் ஓடியது. முகப்புப் பலகையில்தான் எழுத்தெல்லாம் தேய்ந்திருந்தது. நான் குரோமியத்தைத் துடைத்துப் பளபளப்பாக்கினேன். குமிழை ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி ஓடவிட்டு, கதவைத் திறந்து உள்ளே கை வைத்துப் பார்த்தேன். இடது கோடியில் வெறும் காற்று. வலது கோடியில் கை பொறுக்காத சூடு.

"மூச்சப் புடிச்சுக்கோ எலிக்குட்டி, எழுத்து பறந்துடப் போகுது," என்றார் கர்ட்.

"அவளக் கிண்டல் பண்ணாத. உன் எழுத்த உனக்கே படிக்க வராது," என்றாள் அக்கா. பிறகு அதே குரலில், "வீடு வித்ததும் நாங்க அரிசோனா போறோம்டி. நீ ஹெல்கா அத்தை வீட்ல இருந்துக்கோ. தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு வந்துரு, என்ன?"

தலையாட்டினேன். பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பிறகு அக்காவைத் தவிர யாரிடமும் நான் முழுதாகப் பேசியதில்லை. யாரும் இல்லாத அறையில் என் மூச்சுச் சத்தமே எனக்குப் பயம், ஐயா.

இடது கோடியில் 'அதிகச் சூடு' என்றும், வலது கோடியில் 'காற்று மட்டும்' என்றும் வரைந்தேன். நேர்த்தியாகத்தான் வந்தது.

கர்ட்டின் பட்டறைத் துணிகளை அக்கா துவைத்து, வெறும் காற்றில்தான் உலர்த்துவாள். துவைத்தாலும் எண்ணெய் முழுதாகப் போகாது, சூடு பட்டால் பற்றிக்கொள்ளும் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கொஞ்சம் புகை வரும், சுவர் கருகும், வீடு விலை போகாது. அவ்வளவுதான் நினைத்தேன்.

அந்த இயந்திரத்தில் முதலில் போட்டதே அந்தத் துணிகளைத்தான். கர்ட் வேலைக்குப் போயிருந்தார். அக்கா குமிழை 'காற்று மட்டும்' பக்கம் திருப்பிவிட்டு, அங்கேயே நின்று போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தாள். நான் மேலே, நிலவறைக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். மழைக்காலத்தில் அந்தக் கதவு உப்பிக்கொள்ளும். உள்ளிருந்து தள்ளினால் வராது, வெளியிலிருந்து ஒருவர் இழுக்க வேண்டும்.

கதவிடுக்கில் புகை வந்தது. அக்கா படியேறி ஓடிவந்தாள்.

"டாரா, கதவ இழுடி!"

கைப்பிடி என் கையில்தான் இருந்தது. வெளியே வந்தால் அவள் முதலில் என் முகத்தைப் பார்ப்பாள். எனக்குப் பொய் சொல்ல வராது. தெரிந்துவிட்டால் தேங்க்ஸ்கிவிங்குக்குக்கூட என்னைக் கூப்பிடமாட்டாள். அந்தப் பயத்தில் கை அசையவில்லை. சத்தம் நிற்கும்வரை இழுக்காமல் பிடித்துக்கொண்டே நின்றேன்.

ஒன்று மட்டும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. அவ்வளவு நேரத்தில் அவள் கர்ட்டை ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை. என் பெயரை மட்டும்தான் சொன்னாள். என்னை விட்டுப் போக அவளுக்கு மனசே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.