அவளுக்குக் கொண்டுபோன பாட்டில்

எண்ணெய்க் கிணற்றை மூடுவதா வேண்டாமா என்ற முடிவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும் எங்கள் மேலாளர் அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோரே! முந்தானையால் கண் துடைக்கும் தாய்மார்களே! எண்ணெய்க் கறையோடு ஓடிவந்திருக்கும் தோழர்களே! மனைவியை இழந்த இந்தப் பம்பு ஆபரேட்டரின் வணக்கம்.

அவளை உங்களுக்குத் தெரியும். ஆய்வுக்கூடத்துக்காரிக்கு ‘வழவழ அக்கா’ என்று பெயர் வைத்ததே நீங்கள்தானே? சிரிக்கலாம் தம்பி, அவளும் சிரித்தவள்தான்.

நம் எண்ணெய்க் கிணறுகளுக்கு வயதாகிவிட்டது. வெறும் தண்ணீரை உள்ளே தள்ளினால் அது சந்து பார்த்து ஓடிவிடும். எண்ணெய் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கும். தண்ணீரைக் கெட்டியாக்க ஆலையில் செய்த ரசாயனப் பொடி கலந்தோம். எண்ணெய் வந்தது. கூடவே வந்த கழிவுநீர் எங்கே போனது? குடியிருப்புக்குப் பின்னால் குட்டையில் மட்காமல் கிடக்கிறதே, மறந்துவிட்டோமா? அவள் மறக்கவில்லை. வெண்டைக்காயின் வழவழப்பைப் பிசினாக்கினாள். மண்ணில் பிறந்தது மண்ணிலே மட்கும் என்றாள். மட்கியது! கிணற்றுக்குள் போகுமுன்பே தொட்டியில் அழுகி, ஊரே மூக்கைப் பிடித்தது. சோர்ந்தாளா? துவண்டாளா? மறுபடி காய்ச்சினாள், மறுபடி வடித்தாள், வேலை முடியும்வரை அழுகாமல் தாங்கும் பிசினைக் கண்டாள். அதைத் தண்ணீரில் கலந்து கிணற்றுக்குள் தள்ளினோம்.

ஆனால் இந்தத் தொழிலில் ஒரு கொடுமை உண்டு, தோழர்களே. ஒரு கிணற்றில் தள்ளியதன் பலன் பக்கத்துக் கிணற்றில் எட்டிப் பார்க்க மாதக்கணக்காகும். மண்ணுக்கு அவசரம் இல்லை. அவள் நோய்க்கு அவசரம் இருந்தது.

தினமும் வேலை முடிந்ததும் அந்தப் பக்கத்துக் கிணற்றில் வரும் நீரைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டுபோவேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள்.

“தண்ணிதானா?”

“தண்ணிதான்மா.”

ஒருநாள் நர்ஸ் என்னை வெளியே கூப்பிட்டு, “அண்ணே, கொஞ்சம் எண்ணெய் கலந்து காட்டிடுங்களேன், அவங்க மனசாவது குளிரட்டும்” என்றார். உள்ளிருந்து குரல் வந்தது: “சிஸ்டர், எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது! ஏங்க, தண்ணி வந்தா தண்ணியவே காட்டுங்க. நான் போனாலும் பாட்டில் பொய் சொல்லக் கூடாது.”

போய்விட்டாள். பார்க்காமலே போய்விட்டாள்.

நேற்று அந்தப் பாட்டில் கறுத்தது. தண்ணீருக்கு மேலே விரலளவு எண்ணெய்! கறுத்ததம்மா, கறுத்தது! மூடியைத் திருகினேன், பேருந்தில் ஏறினேன், மருத்துவமனைப் படியேறி அவள் அறைக் கதவைத் திறந்தேன். கட்டிலில் வேறு யாரோ படுத்திருந்தார்கள். “யாருங்க வேணும்?” என்று கேட்டார்கள். நான் என்ன சொல்வேன், தாய்மார்களே? யார் வேண்டுமென்று சொல்வேன்?

கைதட்ட வேண்டாம். விரலளவு எண்ணெயால் உலகம் மாறிவிடாது; மாறிவிட்டது என்று சொன்னால் அவளே என்னை அதட்டுவாள். தலைவர் அவர்களே, நான் அவளுக்குச் சிலை கேட்கவில்லை, படத்திறப்பு கேட்கவில்லை. கிணற்றை மூடாதீர்கள். அவள் பிசினைத் தள்ளுவதை நிறுத்தாதீர்கள். இதோ, பாட்டிலை உங்கள் மேசைமேல் வைக்கிறேன்.

வந்திருந்து அழுதவர்களுக்கும், அழ முடியாமல் நிற்பவர்களுக்கும் நன்றி. அவள் சார்பிலும் உங்களுக்கு ஒரு வணக்கம். ஐயா, அந்தப் பாட்டிலைக் கொஞ்சம் வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். அவள் அப்படித்தான் பார்ப்பாள்.