என்ஜினைத் தாங்கிய பிடி

ஐயா, ஒரு கம்பியைக் கையில் கொடுத்தால் யாரும் சும்மா இருக்கமாட்டார்கள். இப்படியும் அப்படியும் வளைத்துக்கொண்டே இருப்பார்கள். கொஞ்ச நேரத்தில் அது ஒடிந்துவிடும். என் வேலையும் அதுதான். நாகர்கோவிலில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் பதினோரு வருஷமாக இரும்பை ஆட்டி ஆட்டி ஒடித்துக்கொண்டிருக்கிறேன். பெயர் பிரதீஷ். மெதுவாக எழுதிக்கொள்ளுங்கள், அவசரமில்லை.

கடலில் அலை ஒரே அளவில் வராது. பெரியது ஒன்று வரும், பிறகு பத்து சின்னது, திடீரென்று இரண்டு பெரியது. அதனால் வள்ளத்தின் பின்பலகையில் என்ஜினைத் தாங்குகிற இரும்புப் பிடி எத்தனை நாள் உழைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பார்கள். என்னால் முடியும். இராஜாக்கமங்கலம் பக்கத்து மீன்பிடிக்காரர் மரியான். அவர் வள்ளத்தில் ஒரு கருவியைக் கட்டி மூன்று மாதம் அத்தனை குலுக்கலையும் பதிவு செய்தேன். ஒன்றுக்கும் உதவாத சின்ன அசைவுகளைக் கழித்துவிட்டு மிச்சத்தை மெஷினில் ஏற்றினேன். கடலில் இருநூற்று நாற்பது நாள் படுகிற பாட்டை இரும்பு ஒன்பது நாளில் பட்டுவிடும். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடலுக்குப் போவதில்லை, அந்த நாட்களை நான் சேர்க்கவில்லை.

ஒன்பதாம் நாள் பிடி ஒடிந்தது. விரிசல் நாளுக்கு நாள் வளர்ந்த கணக்கு ஒடிந்த முகத்தில் வரிவரியாக இருக்கும், விரல் பட்டால் அழிந்துவிடும். அறிக்கையை மேலதிகாரி சிவதாணு சாரிடம் கொடுத்தேன். டீ குடித்துக்கொண்டே புரட்டினார். "எலே, மெஷின்ல ஒடிஞ்சா பத்தாதுலே. கடல்ல ஒண்ணு ஒடிஞ்சு காட்டட்டு, பொறவு பேசுவோம், கேட்டியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

அந்த வாரமே, அதே தகட்டில் வெட்டிய இன்னொரு பிடியை மரியானுக்குச் சும்மாவே கொடுத்தேன். மறுநாள் ஒரு பை நிறையச் சாளை மீன் கொண்டுவந்து தந்தார். நல்ல மனிதர்.

அதை மாட்டிக் கடலுக்குப் போன இருநூற்றுப் பதினோராம் நாள் பிடியைக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்தார்.

"சாரே, இதுல முடி மாதிரி ஒரு கோடு கெடக்கு. நமக்குக் கண்ணு செரியில்ல. நீங்க ஒண்ணு பாத்துச் சொல்லுங்க."

நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். கோடு அல்ல, விரிசல். அந்த நாளில் எத்தனை மில்லிமீட்டர் இருக்கவேண்டும் என்று நான் வரைபடத்தில் குறித்திருந்தேனோ, அத்தனையே இருந்தது. சந்தோஷமாக இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. தேய்த்துச் சுத்தம் செய்து, சாம்பல் நிறப் பெயிண்டை இரண்டு தடவை அடித்தேன். துருப் பிடிக்காமல் இருக்கத்தான் அடித்தேன்.

"ஒண்ணும் செய்யாது அண்ணே. தைரியமா மாட்டுங்க."

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

பிறகு தினமும் சாயங்காலம் போன் செய்து, இன்றைக்குக் கடலுக்குப் போனாரா என்று கேட்பேன். "சாருக்கு நம்ம மேல உள்ள பாசத்தப் பாத்தியா" என்று அவர் பக்கத்தில் மனைவியிடம் சொல்வது எனக்குக் கேட்கும்.

இருநூற்று முப்பத்தெட்டாம் நாள் கரைக்குத் திரும்பும்போது, அலை உடைகிற இடத்தில் என்ஜின் பிய்த்துக்கொண்டு போனது. வள்ளம் குறுக்கே திரும்பியது, அடுத்த அலை கவிழ்த்தது. கூடப் போயிருந்த அவர் தம்பி ஆபேல் நீந்திக் கரையேறினான். மரியானை மூன்றாம் நாள்தான் எடுத்தார்கள். இருநூற்று நாற்பதுக்கு இரண்டு நாள்தான் வித்தியாசம், ஐயா. இதற்கு மேல் யாரால் துல்லியமாகச் சொல்லிவிட முடியும்?

அடக்கம் முடிந்ததும் சிவதாணு சாரிடம் போனேன். அவர் தலையைக்கூடத் தூக்கவில்லை. "பலகை ஒடிஞ்சிருக்கும்லே. பிடிதான் ஒடிஞ்சுதுன்னு நீ கண்டியா?"

நான் காணவில்லை. அலையில் சிதறிய வள்ளத்தின் பின்பலகை, பிடியின் இரண்டு துண்டு, என்ஜின், எல்லாம் கடலுக்கு அடியில் கிடக்கின்றன. நான் கெஞ்சினால் யார் முங்கி எடுத்துத் தருவார்கள்?

அந்த வீட்டில் யாரும் என்மேல் புகார் கொடுக்கவில்லை. அவர் மனைவி இன்னும் எனக்காக ஜெபிக்கிறாளாம். நீயாக ஏன் வந்தாய் என்று வாசலில் உங்கள் ஏட்டு கேட்டார். மனசாட்சி என்று சொன்னேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒடியும் என்று தெரிந்தே பெயிண்ட் அடித்துக் கொடுத்தேன். மரியானைக் கொன்றது நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

இனி அந்தப் பிடி வழக்கின் சாட்சி. அரசாங்கமே ஆளை இறக்கி எடுத்தாகவேண்டும். ஆழம் அதிகமில்லை, இடத்தை ஆபேல் காட்டுவான். ஒன்று மட்டும் அவர்களிடம் சொல்லிவிடுங்கள், ஐயா. தூக்கும்போது ஒடிந்த இடத்தில் யாரும் விரல் வைக்கக் கூடாது.