மழைத்தண்ணிக்குத் தனி வழி

காரவள்ளி தாண்டி பஸ் மலையேறும்போது மழை பிடித்துக்கொண்டது. எனக்கு முன் சீட்டில் நிறைமாதப் பெண் ஒருத்தி. பக்கத்தில், அவளைப் பிரசவத்துக்காக மலைமேல் வாழவந்தி நாட்டிலுள்ள தாய்வீட்டுக்கு அழைத்துப்போகும் அண்ணன்.

"மழை பேஞ்சா எங்கூட்டுக் கக்கூசு பொங்குதுங்கண்ணா," என்றாள் அவள்.

"பொங்குதா?"

"டவுன்ல மழைத்தண்ணியும் சாக்கடையும் ஒரே குழாய்லதான் போவுது. முந்தி தாங்குச்சு. இப்ப ஒரு மாசத்து மழை ஒரு மணி நேரத்துல கொட்டுது. போன வாட்டி தொட்டில் கட்ட வெச்ச எடம் பூரா சாக்கடைத் தண்ணி."

"கொளந்தையோட அங்க போவாத கண்ணு. எங்ககூடவே இரு."

"மழைத்தண்ணி மட்டும் கொளத்துக்குப் போறதுக்கு, அவரு தெருக்காரங்களச் சேத்துக்கிட்டு தனியா வாய்க்கா வெட்டிருக்காருங்கண்ணா. அதுக்கப்புறம் இன்னிக்குத்தான் மொத மழை."

இரண்டு வளைவு தாண்டியதும் அவள் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள். மழைச் சத்தத்துக்கு மேல் கணவன் கத்தினான்.

"தண்ணி கொளத்துக்குப் போவுது புள்ள! ஊட்டுக்குள்ள ஒரு சொட்டு வல்ல!"

அவளுக்கு அழுகை வந்தது. அண்ணன் போனை வாங்கினான்.

"மாப்ள, கொளந்த பொறந்து மூணாம் மாசம் ரெண்டு பேத்தையும் நானே கொண்டாந்து உடறனுங்க."