மணல் மூட்டைக்கு எதிர் சீட்

— சிரிக்காதீங்க டீச்சர், சீட் ஆடுது.

— ஆடட்டும் டென்சில். மணல் மூட்டைக்கு பெல்ட் போட்டு எனக்கு எதிர்ல உக்கார வெச்சிருக்கீங்க. சிரிக்காம என்ன செய்யறது?

— பாருங்க, ஒரு மூட்டை எழுபது கிலோ. ஒரு ஆளுக்கு ஒரு மூட்டை. முந்தாநேத்து பூரா எல்லா சீட்லயும் வெச்சு இந்த ஜயண்ட் வீல ஓட்டிப் பாத்தோம். ஒரு நட்டு அசையல. மாட்டினது நானாச்சே.

— அப்ப இந்தப் பார்க்குல முதல்ல ஏறின மனுஷி நான்தானா?

— நீங்கதான். திறக்க இன்னும் ரெண்டு மாசம் ஆகும். முதல் சுத்து உங்களுக்குன்னு வெச்சிருந்தேன்.

— அங்க பாருங்க, குதிரைங்க எல்லாம் பிளாஸ்டிக் கவரோட படுத்திருக்கு. அந்த டிராகனுக்கு இன்னும் தலையே வரல. முப்பத்தஞ்சு வருஷம் பிள்ளைங்கள எக்ஸ்கர்ஷன் கூட்டிட்டுப் போயிருக்கேன். ஒரு தடவைகூட எதுலயும் ஏறினதில்ல. கீழ நின்னு தலைய எண்ணிட்டு, எல்லார் பையையும் பாத்துக்கிட்டு இருப்பேன்.

— இப்ப எப்படி இருக்கு?

— இன்னும் வேகமா ஓட்டச் சொல்லுங்க.

— நாகேஷ், கீழ கேக்குதா? மோட்டார ஸ்வல்ப ஸ்பீட் பண்ணுப்பா, இன்னும் கொஞ்சம்.

— எங்க சார் பண்றது, கரண்ட் ஹோய்த்து, போயிடுச்சு. ஜெனரேட்டர் போடறேன், பத்து நிமிஷம் மேலயே இருங்க.

— உச்சியில நின்னுடுச்சே. பயமா இருக்கா டீச்சர்?

— கம்பிய இறுக்கிப் பிடிச்சிருக்கறது நீங்கதான். மாட்டினவரே பயந்தா எப்படி?

— உயரத்துக்கு பயம் இல்ல. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கீழ வெச்சு சொன்னா எழுந்து போயிடுவீங்க.

— இங்கேயிருந்து எங்க போறது? சொல்லுங்க.

— பாருங்க… எனக்கு அறுபத்திரெண்டு. என் வீட்டுக்காரி போய் ஒம்பது வருஷம். உங்க வீட்டுக்காரர் போய் ஆறு. காக்ஸ் டவுன் மார்க்கெட்ல சனிக்கிழமை உங்களப் பாக்கறதுக்காகவே வேண்டாத கத்திரிக்காய எல்லாம் வாங்கறேன்.

— தெரியும். பூச்சி விழுந்ததா பாத்து வாங்குவீங்க.

— கண்ணு கத்திரிக்காய்லயா இருந்துச்சு? என்னைக் கட்டிக்கிறீங்களா நோரா?

— டீச்சர் எங்க போச்சு?

— கீழயே விட்டுட்டேன். பதில் சொல்லாம சிரிச்சா எப்படி?

— சரின்னுதான் சிரிக்கறேன். இந்த வயசுல நடு வானத்துல உக்காந்து இப்படி ஒரு கேள்வி. கண்ணுல தண்ணி வருது, பாருங்க.

— நிஜமாவா? பிடிச்சுக்கோங்க, நான் ஒரு தடவை எழுந்து நிக்கணும் போல இருக்கு.

— உக்காருங்க. அந்த மூட்டையப் பாருங்க, எவ்வளவு ஒழுங்கா இருக்கு.

— ஆனா ஒண்ணு, நோரா. கொஞ்ச நாள் யாருக்கும் தெரிய வேண்டாம். என் பொண்ணு ஆஞ்சலாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அம்மா இடத்துக்கு இன்னொருத்தரான்னு கேப்பா. அந்த பயத்துலதான் ஒரு வருஷமா கேக்காம இருந்தேன்.

— மறைக்க முடியாது டென்சில்.

— ஏன்?

— இன்னிக்குக் காலையில நீங்க இங்க நட்டு முடுக்கிட்டு இருந்தப்ப, சர்ச்சுல ஞாயிறு பூசையில எல்லார் முன்னாடியும் நம்ம கல்யாண அறிவிப்பு, முதல் ஓலை வாசிச்சாச்சு. அப்பா கேக்கற வரைக்கும் காத்திருந்தா கிழவியாயிடுவீங்கன்னு என்கிட்ட சம்மதம் வாங்கிட்டு, ஃபாதர்கிட்ட போய் ரெண்டு பேர் பேரையும் எழுதிக் குடுத்ததே உங்க ஆஞ்சலாதான்.