கல் செதுக்கிய பிறகு கேட்ட யோசனை

...இந்த நோட்டீஸை எடுத்துப் பாருங்க. உங்க பொண்ணுங்க படிக்கிற இந்தப் பள்ளிக்கூடத்தை நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற இன்னொண்ணோட சேர்க்கிறதைப் பத்தி, ‘பெற்றோரைக் கன்சல்ட் செய்யும் கூட்டம்’னு போட்டிருக்காங்க. கன்சல்ட்... முப்பத்தோரு வருஷம் இங்கிலீஷ் வாத்தியாரா இருந்தவன் நான். இந்த ஒரு வார்த்தையைப் பார்த்தா இப்போ எனக்குக் கோபம்தான் வருது. கோபத்துல பேசினா எனக்குப் பேச்சு குழறும். அதனால நடந்த ஒண்ணைக் குட்டிக் கதையா சொல்லிடறேன். பொறுமையா கேளுங்க.

கடலோரத்துல ஒரு குப்பம். அங்க சூசையம்மாள்னு ஒரு பொம்பள. கருவாடு போடறதுதான் அவ பிழைப்பு, வேற எதுவும் தெரியாது. காலையில நெத்திலியை வாங்கி மணல்மேட்டுல பரப்புவா. சாயங்காலம் அள்ளும்போது கலகலன்னு சத்தம் கேக்கணும். நெத்திலிக்கு ஒரு முழு வெயில் வேணும். பாதி வெயில் பட்டா... புழு வெச்சிடும். அவ்வளவுதான் கணக்கு.

ஒருநாள் அந்தக் குப்பத்துல பந்தல் போட்டாங்க. கருவாடு காயவைக்க சிமெண்ட் மேடை கட்டப்போறாங்களாம். பொம்பளைங்களைக் கன்சல்ட் பண்ண ஆபீசர் வந்திருக்காராம். வாசல்லயே ஒரு பெரிய நோட்டு. அதுல கையெழுத்துப் போட்டாத்தான் டீ டோக்கன். சூசையம்மாள் ஆசையா போட்டா. எழுத்து எழுத்தா... அழகா. ஏன் தெரியுமா? அறிவொளி வகுப்புல அப்போதான் எழுதப் படிக்கக் கத்துக்கிட்டிருந்தா. கத்துக்குடுத்தது யாரு? நான்தான்.

ஆபீசர் மைக்கைப் பிடிச்சார். “உங்க யோசனையைத் தாராளமா சொல்லுங்கம்மா. அதுக்குத்தானே வந்திருக்கோம்.”

சூசையம்மாள் எழுந்தா. “சார், மேடை எங்க கட்டப்போறீங்க?”

“ஐஸ் பேக்டரி பக்கத்துல.”

“அங்க வேணாம் சார். ரெண்டு மணிக்கெல்லாம் பேக்டரி நிழல் விழுந்துரும். மணல்மேட்டுலயே கட்டுங்க, வெயிலு அங்கதான் கடைசி வரைக்கும் நிக்கும்.”

“நல்ல பாயிண்ட். நோட் பண்ணிக்கிறோம்.”

பக்கத்துல இருந்த பிலோமினா முழங்கையால இடிச்சா. “ஏட்டி, பேனா மூடியே இன்னும் தொறக்கல. எங்கிட்டு நோட் பண்றாரு?”

அந்த நேரம் பார்த்து ஒரு காத்து. பந்தலுக்குப் பின்னாடி சாத்தி வெச்சிருந்த ஒரு கல்லு மேலிருந்து துணி பறந்திடுச்சு. கறுப்புக் கல்லு... தங்க எழுத்து. சூசையம்மாள் அப்போதான் கத்துக்கிட்ட படிப்பை வெச்சு எழுத்துக் கூட்டினா. ‘மீனவப் பெண்களின் வேண்டுகோளுக்கிணங்க... ஐஸ் பேக்டரி அருகில்...’ திறப்பு விழாத் தேதி வரைக்கும் செதுக்கியாச்சு.

“சார், எங்களைக் கேக்கத்தான வந்தீங்க?”

“ஆமாம்மா.”

“கல்லுல வெட்டிட்டா கேப்பாக?”

ஆபீசர் வாட்ச்சைப் பார்த்தார். டீ வந்திடுச்சு. கூட்டம் முடிஞ்சிடுச்சு.

நாலு மாசத்துல மேடை வந்தது. நிழல்லதான் வந்தது. பழைய மணல்மேட்டுல முள்வேலி போட்டு, ‘இனிமே மேடையிலதான் காயவைக்கணும்’னு பலகை நட்டாங்க. முதல் வாரமே சூசையம்மாளோட நெத்திலி மூணு கூடை புழுத்துப் போச்சு. அவ என்ன பண்ணா? அழல. அதுல ஒரு கூடையைத் தலையில தூக்கிட்டு நேரா ஆபீசுக்குப் போய், மேசை மேல வெச்சா.

“என்னம்மா இது, நாறுது.”

“நீங்க கட்டுன மேடை சார். முகர்ந்து பாருங்க.”

அவர் மூக்கைப் பொத்திக்கிட்டு அந்த நோட்டை எடுத்தார். “இங்க பாரு. ‘ஐஸ் பேக்டரி அருகில் மேடை அமைக்க அனைவரும் சம்மதிக்கிறோம்.’ கீழே யாரு கையெழுத்து?”

எழுத்து எழுத்தா... அழகா... அவ கையெழுத்துதான்.

“நான் போடும்போது மேல வெறும் பக்கமா இருந்துச்சு சார்.”

“அதுக்கு நான் என்ன பண்றது?”

அன்னிக்கு சாயங்காலம் என்கிட்ட வந்தா. “சாரே, கைநாட்டா இருந்திருந்தாக்கூட, தெரியாமப் போட்டேன்னு சொல்லியிருப்பேனே”ன்னு கேட்டா. எழுதக் கத்துக்குடுத்தேன். வெறும் பக்கத்துக்குக் கீழே எழுதாதேன்னு கத்துக்குடுக்கலையே நான்.

இப்போ உங்களைக் கேக்கறேன். டாக்டரை எப்போ கன்சல்ட் பண்ணுவீங்க? மருந்து சாப்பிடறதுக்கு முன்னாடியா, சாப்பிட்டு முடிச்சப்புறமா? அகராதியை எப்போ திறப்பீங்க? பரீட்சைப் பேப்பரைக் குடுத்துட்டு வந்தப்புறமா? ஒரு முடிவை எடுக்கறதுக்கு முன்னாடி, ‘நீ வேண்டாம்னு சொன்னா மாத்திக்கறேன்’ங்கிற மனசோட வந்து கேக்கணும். அதுக்குப் பேருதான் கன்சல்ட். மாத்திக்க மனசில்லாம வந்து கேக்கறது யோசனை இல்ல... நம்ம பேரைத் தூக்கிட்டுப் போக வந்த வேலை.

வரும்போது நான் அந்த இன்னொரு பள்ளிக்கூடத்து வழியாத்தான் வந்தேன். அங்க ரெண்டு பள்ளிக்கூடத்துப் பேரையும் சேர்த்து எழுதின புதுப் பலகை ஒண்ணு... சுவரோரமா, காயறதுக்கு வெச்சிருக்கு. பெயிண்ட் இன்னும் ஒட்டுது. இதோ, என் விரலைப் பாருங்க.

நான் பேசிட்டிருக்கும்போதே கையெழுத்துப் போட ஒரு நோட்டு உங்க நடுவுல சுத்தி வருது. நாலாவது வரிசையில, பச்சைச் சேலை கட்டின அம்மா கையில இருக்கு. தாயி, அந்தப் பக்கத்தோட மேல்பாதியைப் பாருங்க. ஏதாவது எழுதியிருக்கா?

...இல்லைன்னு தலையாட்டறாங்க.

பேனாவை மூடிடுங்க தாயி. பக்கத்துல இருக்கிறவங்ககிட்டயும் சொல்லுங்க. டீயை நாம வெளியில போய்க் குடிச்சுக்கலாம்.