எண்ணெய் பார்க்கும் குச்சி

அரிப்பிலிருந்து மன்னாருக்குப் போகும் பஸ்ஸில், முன் சீட்டுப் பெண் புருஷனிடம் கேட்டாள்:

"மோட்டார் சைக்கிள் வாங்கி ரெண்டு வருசம். எஞ்சின் ஒயில் கிடக்கோ எண்டு ஒருநாளும் குச்சியை இழுத்துப் பாக்கேல்லையோ?"

"ஏன் பாக்க? போட் எஞ்சினுக்குச் செய்யிற மாதிரி, பெற்றோலோட ஒயில் கலந்துதானே ஊத்தினனான்."

"மோட்டார் சைக்கிளுக்கோ? அதுக்கு ஒயிலைத் தனியா எஞ்சினுக்குள்ளயெல்லோ ஊத்திறது?"

"ஓம். அளந்துதான்."

"அளந்து ஊத்தித்தான் எஞ்சின் இறுகி கராஜில கிடக்குது."

"இருபது வருசமாக் கடலுக்குப் போறன். நீ எனக்கு எஞ்சின் படிப்பிக்கிறியோ?"

"கடலிலை பெரிய ஆள்தான். றோட்டிலை தள்ளிக்கொண்டெல்லோ வந்தனீங்கள்."

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ஒயில் கலந்த கதையைக் கராஜில சொல்லிப்போடாதை."

"நான் ஏன் சொல்ல? மெக்கானிக் குச்சியை இழுக்கட்டும். ஒரு சொட்டும் ஒட்டாமல் வரும். அது சொல்லும், உங்கட இருபது வருசத்தை."