சைக்கிள் ஸ்டாண்டோடு ரிவர்ஸ் எடுத்தது நான்தான்

என் பெயரையும் வீட்டு முகவரியையும் அதிகாரி முதல் தாளில் எழுதிக்கொண்டார், இரண்டும் சரி. வயது நாற்பத்தொன்று. மூக்குக்கண்ணாடிக் கடையில் முகத்தை அளந்து ஃப்ரேம் பொருத்தும் வேலை பார்க்கிறேன். என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட பஸ் டிரைவர். மூன்று பிள்ளைகள். இடுப்பு ஆபரேஷன் ஆன மாமியாரும் எங்களோடு இருக்கிறார். யாரும் மிரட்டாமல், யாரும் சொல்லிக்கொடுக்காமல் நான் சொல்வது என்னவென்றால், நேற்று மருந்துக்கடைக் கண்ணாடிக் கதவு உடைந்தபோது காரை ஓட்டியது நான்தான். என் வீட்டுக்காரர் தான் ஓட்டியதாக எழுதிக்கொடுத்திருப்பது முழுப் பொய்.

எங்களிடம் ஏழு பேர் உட்காரும் பெரிய கார் ஒன்று இருக்கிறது. லீவு நாளில் ஏரிக்கரைப் பாதையில் சைக்கிள் ஓட்டப் பிள்ளைகளுக்கும் அவர்கள் அப்பாவுக்கும் பைத்தியம். நாலு சைக்கிளையும் காருக்குள் திணித்தால் ஆளுக்கு இடமில்லை, ஆளை ஏற்றினால் சைக்கிளுக்கு இடமில்லை. அதனால் காருக்குப் பின்னால் சைக்கிள் மாட்டும் ஸ்டாண்டு வாங்கப் போன மாதம் குடும்பத்தோடு கடைக்குப் போனோம்.

கடைக்காரர் முதலில் பின்கதவில் பட்டை போட்டுத் தொங்கவிடும் ஸ்டாண்டைக் காட்டினார். விலை குறைவு என்றதும் வீட்டுக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. நான், "அத்தையோட சக்கர நாற்காலி டிக்கியில இருக்கு. அதை எடுக்கணும்னா நாலு சைக்கிளையும் கழட்டி ரோட்டுல வைப்பீங்களா?" என்று கேட்டேன். அதன் பிறகு வீட்டுக்காரர் கூரைமேல் மாட்டுவதைக் காட்டி, "நான் நெட்டைதானே, அலேக்கா தூக்கி வெச்சிடுவேன்" என்றார். "உங்க தோள்பட்டை நொறநொறன்னு சத்தம் போடறது எனக்குக் கேக்குது, உங்களுக்குத்தான் கேக்கல" என்று சொல்லி அதையும் வேண்டாம் என்றேன்.

அதன் பிறகு கடைக்காரர் காட்டியது, காரின் அடியில் பொருத்தும் இரும்புக் கொக்கியில் உட்காரும் மேடை. மிதியைக் காலால் அழுத்தினால் சைக்கிள்களோடு அப்படியே பின்பக்கம் சாயும், டிக்கி திறக்கும். இடுப்பு உயரத்துக்குத் தூக்கினால் போதும். விலையைக் கேட்டு வீட்டுக்காரர் கடைக்கு வெளியே போய்க் காற்று வாங்கிக்கொண்டு வந்தார். காரில் இருந்த மாமியார், "வாங்கித் தொலைங்களேன்பா, கால் மரத்துப்போச்சு" என்று சத்தம் போட்டதால் அதையே வாங்கினோம். ஸ்டாண்டு மறைக்கிறது என்று இன்னொரு நம்பர் பலகையும் விளக்கும் சட்டப்படி பொருத்தியிருக்கிறோம், அதிகாரியும் பார்த்தார்.

அதில் ஒரே ஒரு தொல்லை. சைக்கிள் மாட்டிவிட்டால் கண்ணாடியில் சக்கரத்தைத் தவிர வேறெதுவும் தெரியாது. பின்னால் இருப்பதைச் சொல்லும் மணியும் சைக்கிளையே சுவர் என்று நினைத்துக் கத்திக்கொண்டே இருக்கும். காது வலிக்கிறது என்று அதை நிறுத்திவிட்டு வீட்டுக்காரர், "நான் பின்னால நின்னு சொல்றேன், நீ பாட்டுக்கு வா" என்றார்.

இதையும் எழுதச் சொன்னேன், அதிகாரி எழுதுகிறார். லைசன்ஸ் பரீட்சையில் நான் மூன்று தடவை தோற்றவள், மூன்றும் ரிவர்ஸில்தான். வீட்டுக்காரர் பஸ்ஸை விட்டுவிட்டு வந்து பள்ளிக்கூட மைதானத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். ஒரு தடவைகூடக் கத்தியதில்லை. ரொம்பப் பயந்தால் கதவுக் கைப்பிடியை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொள்வார். நான் பாஸ் ஆன அன்றைக்கு பஸ்ஸில் வந்த பிள்ளைகளுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்திருக்கிறார், அது எனக்குப் பிள்ளைகள் சொல்லித்தான் தெரியும்.

நேற்று ஏரியிலிருந்து திரும்பும்போது நான் ஓட்டினேன். மாமியாருக்கு மாத்திரை வாங்க மருந்துக்கடை முன்னால் ரிவர்ஸ் எடுத்து நிறுத்த வேண்டியிருந்தது. வீட்டுக்காரர் இறங்கிப் போய்ப் பக்கவாட்டில் நின்று, "வா, வா, இன்னும் எவ்வளவோ இடம் இருக்கு" என்றார். இடம் இருந்தது காருக்குத்தான். அவர் கண் பழக்கதோஷத்தில் பம்பரைப் பார்த்தது, ஸ்டாண்டை அவரும் மறந்தார், நானும் மறந்தேன். கடைசியாக மாட்டியிருந்த அவருடைய சைக்கிளின் ஹேண்டில்பார் கடையின் கண்ணாடிக் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. உள்ளே நின்ற மருந்துக்கடை அம்மாவுக்கு உள்ளங்கை கிழிந்தது. அந்த நிலையிலும் அவர், "பிள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டார்.

நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். நான் இறங்குவதற்குள் வீட்டுக்காரர் கூட்டத்துக்குள் போய், "ஓட்டினது நான்தான்" என்று சொல்லிவிட்டார். அந்த அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்து, தையல் போட்ட பிறகு வீட்டுக்கு வந்து, ஏன் அப்படிப் பொய் சொன்னீர்கள் என்று அவரிடம் கேட்டேன். "எனக்குப் பழைய லைசன்ஸ், ஒரு கேஸைத் தாங்கும். உனக்கு இப்பதான் வந்தது. புடுங்கிட்டாங்கன்னா நீ மறுபடி ஸ்டியரிங்கைத் தொடவே மாட்டே" என்றார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஆளுக்குக் காயம் என்று கேஸ் விழுந்த டிரைவரைப் பள்ளிக்கூடத்தில் பஸ்ஸைத் தொட விடமாட்டார்கள். எந்தத் திருப்பத்தில் எந்தப் பிள்ளைக்கு வாந்தி வரும் என்று தெரிந்து வைத்திருக்கிற மனுஷன் அவர். லீவு விட்டால் ரெண்டாம் நாளே வீட்டுக்கும் வாசலுக்கும் நடக்க ஆரம்பித்துவிடுவார். அந்த பஸ்ஸைப் பிடுங்கினால் அவர் உட்கார்ந்த இடத்திலேயே கிழவனாகிவிடுவார், அதை என்னால் பார்க்க முடியாது.

அதனால் இன்று காலை ஸ்டேஷனுக்கு வந்து, இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தியிருக்கும் எங்கள் காரின் சீட்டைப் பாருங்கள் என்று அதிகாரியிடம் சொன்னேன். நேற்றிலிருந்து அதை யாரும் தொடவில்லை. அதிகாரி வீட்டுக்காரரை உட்காரச் சொன்னார். முட்டி ரெண்டும் ஸ்டியரிங்கில் சிக்கி, தலை கூரையில் இடித்து, கதவைச் சாத்தவும் முடியவில்லை. அப்படியும் அவர், "நான் எப்பவும் இப்படித்தான் சார் ஓட்டுவேன், வசதியா இருக்கு" என்றார். அதிகாரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதன் பிறகு நான் உட்கார்ந்தேன், கால் மிதியில் சரியாகப் பதிந்தது.

கேஸை என்மேல் போடுங்கள். கண்ணாடிக் கதவுக்கும் வைத்தியத்துக்கும் நான் பொறுப்பு. லைசன்ஸைப் பிடுங்கினாலும் சரி, மறுபடி பரீட்சைக்குப் போவேன், மறுபடி ரிவர்ஸ் எடுப்பேன். ஸ்டியரிங்கைத் தொடமாட்டேன் என்று அவராக நினைத்துக்கொண்டால் நான் என்ன செய்வது?

பொய் வாக்குமூலம் கொடுத்ததற்குத் தனியாக நடவடிக்கை உண்டு என்று அதிகாரி சொன்னார். அதை மட்டும் விட்டுவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். அவர் அந்தப் பொய்யை எனக்காகச் சொன்னார், அதற்கு என்ன தண்டனை என்று வீட்டில் வைத்து நானே பார்த்துக்கொள்கிறேன்.

எழுதியதை அதிகாரி வாசித்துக் காட்டினார். நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது, ஒரு சொல்லும் பொய்யில்லை என்று ஒப்புக்கொண்டு கீழே கையெழுத்துப் போடுகிறேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் என் வீட்டுக்காரருக்கு மட்டும் இதை வாசித்துக் காட்ட வேண்டாம். இத்தனை பேர் முன்னால் அழுதுவிடுவார்.

(கையெழுத்து)